சரக்கு மின்தூக்கி

சரக்கு மின்தூக்கியின் கதவில்
நான்கு மொழிகளில் எச்சரிக்கை.
மூன்று சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.
நான்காவது நம்முடையது:
'ஆடுகள் ஏறக் கூடாது.'

காலாங் ஆற்றின் வளைவில் ஐந்து மாடி,
ஒலிபெருக்கிகள் செய்த தொழிற்சாலை.
இயந்திரங்கள் பாத்தாமுக்குக் கப்பலேறிய வருடத்தையும்
நாங்கள் சாவி வாங்கிய வருடத்தையும் கழித்துப் பார்த்தால்
புறாக்களுக்கு மிஞ்சியது பத்தொன்பது ஆண்டு.

முதல் வேலை,
அறுத்தும் அறுபடாமல் தரையில் நின்ற
போல்ட் மொட்டைகளை எண்ணுவது.
நாற்பத்தொன்று.
வெறுங்காலில் ஆடுகிறவருக்கு
வசனத்துக்கு முன்னால் இதுதான் பாடம்.
சுண்ணாம்பால் வட்டம் போட்டு முடித்த மாலை
நாற்பத்திரண்டாவதைக் கண்டுபிடித்தது
தினகரராஜின் கால் கட்டைவிரல்.

மஞ்சள் கோடு மட்டும் அழியவில்லை.
தாண்டினால் கைக்கு ஆபத்து என்று
எவரோ எந்தக் காலத்திலோ இழுத்தது.
மேடையின் விளிம்பு இதுவே என்றார் ஹமீதா பானு.
தாண்டினால் இப்போதும் ஆபத்துதான்.
முதல் வரிசையில் என் மாமனார் உட்கார்ந்திருப்பார்.

நான் விளக்கு.
பகலில் ரயில் சுரங்கத்தில் விளக்கு மாற்றச் சம்பளம்,
இரவில் இங்கே ஒரு கோப்பி ஓ.

பாக்கியவதி அறிவிப்பைப் பார்த்து வந்தவர்.
அழவில்லை, தூணைத் தொட்டுத் தடவவில்லை.
ஏழாம் தூணுக்கும் சன்னலுக்கும் நடுவே போய்
தன் இடத்தில் நின்று காட்டினார், அவ்வளவுதான்.
ஒரு ஷிப்டுக்கு அறுநூறு ஒலிபெருக்கி.
ஒவ்வொன்றிலும் ஒரு நொடி
'ஊம்' என்று கேட்டால் பாஸ்.
'பதினோரு வருஷத்துல ஒரு பாட்டு
முழுசாக் கேட்டதில்ல.
எல்லாமே நின்னுக்கிட்டு.
எனக்கு உட்கார்ற வேஷமாக் குடுங்க.'

ராஜமாதா அன்றைக்குத்தான் பிறந்தாள்.
நாடகம் முழுக்க நாற்காலி.
எழுந்து நிற்க வேண்டிய இடங்களை எல்லாம்
ஹமீதா பேனாவால் அடித்துக்கொண்டே போனார்.

முதல் இரவு.
மன்னனின் வருகை மின்தூக்கியில்.
புகை, முரசு, என் சிவப்பு விளக்கு.
பெட்டி வந்து நின்ற சத்தம் கேட்டது,
கதவு திறக்கவில்லை.
தினகரராஜ் தன் வசனம் முழுவதையும்
இரும்புக்குள்ளிருந்தே பேசினான்.
எங்களுக்கு வந்து சேர்ந்தது 'ஊம்' மட்டும்.
உத்தி என்று நினைத்துச் சபை கைதட்டியது.
மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.
இந்த முறை யாரும் தட்டவில்லை.

ராஜமாதா எழுந்தார்.
ஒத்திகையில் இல்லாத பதினாறு அடி.
குனிந்து பார்க்காமலே
நாற்பத்திரண்டு மொட்டைகளுக்கும் தப்பிப் போய்
மூன்றாம் ஆணிக்குக் கீழே
விரித்த உள்ளங்கையால்
கதவுக்கு ஓர் அறை.

திறந்தது.
தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்க
உள்ளே மன்னன்.
அவனை மேலும் கீழும் பார்த்து
'பாஸ்' என்றார் பாக்கியவதி.
மெல்லத்தான் சொன்னார்,
கடைசி வரிசைக்கும் கேட்டது.
திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த மாதம்
மொழிப்பற்று மிக்க ஒருவர் புகார் எழுதியிருக்கிறார்.
அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார்,
பிழைக்கு மன்னிப்புக் கேட்டார், பையைத் திறந்து
புது ஸ்டிக்கர் எடுத்தார்:
'ஆட்கள் ஏறக் கூடாது.'

அதுவரை தமிழில்
நாங்கள் எந்த விதியையும் மீறியதில்லை.
ஒரு வெள்ளாடுகூட ஏறியதில்லை.
இனி ஒவ்வொரு காட்சியும் குற்றம்.

அவசரத்தில் அவர்
சற்று வலப்பக்கம் தள்ளி ஒட்டிவிட்டுப் போனார்.
பழைய வரியின் முதல் இரண்டு எழுத்து
இடப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது.

ஏறுமுன் எல்லோரும் ஒருமுறை
அதை வாசித்துவிட்டுத்தான் ஏறுகிறோம்.