முன்னூற்றுப் பதினாறு கெல்வின்

காட்பாடியில் மே மாதம்.
மொட்டைமாடி அறை, தகரக் கூரை.
நாற்பத்து மூன்று டிகிரியைக் கெல்வினாக மாற்றிப் பார்க்கிறேன்:
முன்னூற்றுப் பதினாறு.
எண் பெரிதானதும் வெயில் கொஞ்சம்
மரியாதையாகத் தெரிகிறது.

கம்ப்யூட்டர் ஆறு நாளாக ஓடுகிறது,
மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருக்கிறேன்.
உள்ளே ஒரு புரோட்டான், அதை ஒட்டி ஒரு மியூவான்.
எலக்ட்ரான் இருந்திருக்கவேண்டிய இடத்தில்
இருநூற்றேழு மடங்கு கனமாக ஒன்று வந்து உட்கார,
அணு சுருங்கிப்போய்
ஹைட்ரஜன் என்ற பேர் மட்டும் மிச்சம்.

"இன்னாம்மா எண்ணிட்டு கீற, இத்தினி நாளா?"
வீட்டுக்காரம்மா தனபாக்கியம், பாதிப் படியில் நின்று.
"ஒண்ணு இருக்கும்மா. அது ஒரு இடத்துலேர்ந்து
இன்னொரு இடத்துக்கு எப்போ தாவுதுன்னு."
"எம்மா நேரம் உசுரோட இருக்கும்?"
"செகண்டைப் பத்து லட்சமா நறுக்கினா, ரெண்டு துண்டு."
"அதுக்கா இந்தக் கரண்ட் பில்லு."

அந்த ரெண்டு துண்டுக்குள்தான் எல்லாமே.
மின்னூட்டம் வெளியே தெரியாத அந்தச் சின்ன அணு
மற்றவற்றின் எலக்ட்ரான் மேகத்துக்குள் புகுந்து போகும்,
லால்பாக் வண்டி வந்து நிற்கையில்
பெட்டிக்கும் இடுப்புக்கும் நடுவே நுழைந்து
ஜன்னல் சீட்டுக்கு ஓடும் பையன்போல.
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
பல, போகும் வழியிலேயே சிதைந்துவிடும்.
சிலவற்றுக்கு எதிரே ஓர் ஆக்சிஜன் கரு வரும்.
எட்டுப் புரோட்டான்களின் இழுப்பு.

அப்புறம் இதனிடம் மியூவான் இல்லை.

அங்கே ஐந்தாவது படியில் கால் வைத்து
தடதடவென்று கீழே இறங்கும்.
கடைசிப் படியில் ஓர் எக்ஸ்ரே மினுக்கல்,
நூற்று முப்பத்து மூன்று கிலோ எலக்ட்ரான்வோல்ட்.
அந்த வெளிச்சம்தான் சாட்சி. அதை வைத்துத்தான்
எத்தனை தாவின என்று எண்ணுகிறார்கள்.

குளிரில் இந்தத் தாவல் மந்தம்.
சூடு ஏற ஏற விகிதமும் ஏறுகிறது.
ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஃபெலோஷிப்.
வேலூர்க்காரர்களைக் கேட்டிருக்கலாம்:
இந்த வெயிலில் எதுதான்
இருந்த இடத்தில் இருக்கும்.

மெர்லின் சொல்வாள்,
"பெரிய இடமா பாத்துப் போயிடுச்சு. எங்க அக்கா கதை."
இல்லை மெர்லின்.
சமன்பாட்டில் ஆசைக்கு ஓர் எழுத்து கிடையாது.
திருட்டு இல்லை. துரோகம் இல்லை.
அந்தப் பக்கம் பள்ளம் ஆழம், அவ்வளவுதான்.

ஆனால் நிரலில் ஒரு வரி உறுத்துகிறது.
தாவலுக்குப் பிறகு, வெறும் புரோட்டான்:
எந்தத் திசை, என்ன வேகம்.
கணக்கிட்டுவிட்டு அங்கேயே அழித்துவிடுகிறோம்.
யாரும் கேட்பதில்லை.
அதிலிருந்து வெளிச்சம் வராது.

ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
கடைசியாகச் சேமித்தது செவ்வாய்க்கிழமை.
கொஞ்ச நேரம் இருட்டில் ஃபேன் இறக்கை நிற்பதைக் கேட்டுவிட்டு
டீக்காக ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

மேம்பாலத்துக்கடியில் மெலிந்த ஓர் ஆள்,
தலையில் ராணிப்பேட்டைக்குப் போகும் தோல் மூட்டை,
உப்பு வாடை.
படிக்கட்டருகே தாட்டியான இன்னொருவர்
"குட்றா சம்பங்கி" என்று குனிய,
மூட்டை ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்கு.
எதிர்பார்த்து நின்றிருந்தால்கூடத் தவறவிட்டிருப்பேன்.

மூட்டை மேலே ஏறிப்போனது, விளக்குக்கடியில் தெரிந்து தெரிந்து.

சம்பங்கி நாலடி நடந்தார்,
கழுத்து அப்படியே விறைத்து,
ஒரு கை உயர்ந்து
இல்லாத மூட்டைக்கு முட்டுக்கொடுத்தபடி.
பிறகுதான் கை இறங்கியது.
சும்மாட்டைப் பிரித்து உதறி
முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கரண்ட் வந்ததும் செவ்வாய்க்கிழமையிலிருந்து மறுபடி ஓட்டவேண்டும்.
இந்தத் தடவை அந்த வரியை அழிக்காமல்
தனிக் கோப்பில் எழுதச் சொல்லி.
இன்னும் நாலு நாள் கூட ஆகும்.
தனபாக்கியத்திடம்
பில்லைப் பற்றி நானே பேசிக்கொள்கிறேன்.