இரண்டாம் பந்தி

முசஃபா சைட்டில் நான் டைம் கீப்பர்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரின் நேரத்தை
நீல மையில் எழுதி வைக்கிற வேலை.

போர்ட்டா கேபினில் ஒரு மேஜை,
மேஜையில் ஒரு சார்ஜர்.
கறுப்பு. உள்ளங்கை அகலம்.
முன்னால் ஒரு பள்ளம்: அதில் போன்
பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தவன்போல
உட்கார்ந்துகொள்ளும்.
அதன் முதுகுக்குப் பின்னால்
ஸ்பேர் பேட்டரி படுக்க இன்னொரு பள்ளம்.

ஒயர் ஒன்றுதான்.
சோறு ஒரே நேரத்தில் கிடையாது.
போனுக்கு முதலில்.
அதன் சிவப்பு பச்சையான பிறகுதான்
பின்னால் படுத்திருப்பதற்கு இலை விழும்.
கல்யாண வீட்டில்
இரண்டாம் பந்திக்கு நின்றவனுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.

என்னிடம் ஸ்பேர் இல்லை.
பின்பள்ளம் சும்மா கிடந்தது.
அதைக் கண்டுபிடித்தவன் தவசிக்கனி,
கம்பி கட்டுகிறவன், எண் 4417.
"சார், பின்கட்டு காலியா இருக்கு போல.
வாடகைக்கு விடுவீங்களா?"

கேம்பில் ஒரு பிளக்குக்குப் பதினாறு பேர்.
மறுநாளிலிருந்து
காலை ஐந்தரைக்குத் தீர்ந்த பேட்டரியைக்
கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவருவான்.
மாலை ஆறு பத்துக்கு
நிறைந்ததை வாங்கிப் போவான்,
வெதுவெதுப்பாக, முட்டை வாங்குகிற மாதிரி.
அதன் வயிற்றில் மார்க்கரால் 4417.
அப்போது எல்லோரிடமும் ஒரே மாடல்;
எண் இல்லாவிட்டால் அடையாளம் தெரியாது.

ஆகஸ்டில் ஏ.சி. படுத்துவிட்ட ஒரு மதியம்
விளக்கு சிவப்பும் இல்லை பச்சையும் இல்லை,
கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.
சூடு ஏறினால் இனி முடியாது என்று
அதுவாக நிறுத்திக்கொள்ளும்.
தவசிக்கனி குனிந்து பார்த்துச் சிரித்தான்.
"இதுக்கு இன்ஸ்பெக்டர் வரவேண்டியதில்லை,
பார்த்தீங்களா."

பேட்டரி மாற்றுகிற ஒரு நிமிடம்
போன் செத்துக் கிடக்கும்.
அந்த ஒரு நிமிடம் பார்த்துத்தான்
அவன் மனைவி கூப்பிடுவாளாம்.
மீதி ராத்திரி முழுக்க
அந்த நிமிடத்தைப் பற்றியே சண்டையாம்.

ஒரு புதன்கிழமை
ஆறு பத்து ஆகி, ஏழும் ஆயிற்று.
நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு
ருவைஸுக்குப் போகிற பஸ்
மதியமே போய்விட்டது.
அந்தப் பட்டியலை டைப் அடித்தவன் நான்.
எண்ணாக வந்தது, எண்ணாக அடித்தேன்.

மேஜையில் பச்சை விளக்கு.

அவன் நம்பருக்குப் போட்டேன்.
அரபியில் ஒரு பெண் ஏதோ சொன்னாள்,
ஆங்கிலத்தில் இன்னொருத்தி
அதையே சொன்னாள்.
அங்கே வேறொரு பிளக்,
வேறு பதினாறு பேர்.
யாராவது ருவைஸ் போனால் கொடுத்தனுப்பலாம் என்று
இருந்தேன். போகிறவர்கள்
எவருக்கும் போகிறோம் என்று முன்பே தெரிவதில்லை.

மூன்றாம் வாரம் என் பேட்டரி உப்பி
போனின் பின்மூடி மூட மறுத்தது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
4417-ஐ எடுத்துப் போட்டேன்.
கச்சிதமாக உட்கார்ந்தது.
எனக்கென்று யாரோ
மூன்று வாரமாகப் பசி பொறுத்ததுபோல
முழுதாய் நான்கு கோடு.

திரை வெளுத்தது.
மயக்கம் தெளிந்தவனைப்போல
முதலில் தேதி கேட்டது,
பிறகு நேரம்.

இரவு பத்தரை இருக்கும்.
ஆறு பத்து என்று அடித்தேன்.
கம்பெனி சொல்லாமல்
நானாக எழுதிய
முதல் பொய் நேரம் அது.