தன்மை ஒருமை

வில்லியம் தெரு, நான்காம் மாடி.
கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று
சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தேன்.
மொழிபெயர்க்க வந்தவளுக்கு ஒரு விதி:
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது.
யார் வாய் திறந்தாலும் 'நான்'.

அதனால் காலை பத்தேகாலுக்கு
டாண்டினாங் குளிரறையில்
கீரை பொதி செய்தது நான்.
பதினான்கு கிழமை, இரவு வேலை.
விரல்நுனி செத்துப்போய்
கத்தி பட்டதும் ரத்தம் பார்த்துத்தான் தெரியும்.
"வாற கிழமை பாப்பம் தங்கச்சி" என்ற மனுசனைக்
கடைசிவரை அண்ணை என்றதும் நான்.

பதினொன்றே முக்காலுக்கு
எல்லாம் கையில் காசாய்க் கொடுத்ததும் நான்.
ஊர்ப்பிள்ளை என்று இரங்கினேன்.
ஒரே கோயில் சனத்துக்குள் ரசீது எதற்கு?
அதே நாக்கு, அதே தண்ணீர்க் கோப்பை.
தங்கேஸ்வரி என்னைப் பார்த்தாள்
கட்சி மாறியவளைப் பார்ப்பதுபோல.

வேலை செய்ததற்கு என்ன சான்று என்றார் நீதவான்.
சம்பளச் சீட்டு இல்லை. ஒப்பந்தம் இல்லை.
மகன் நூலகத்தில் அச்செடுத்த
ரயில் அட்டைக் கணக்கு, ஒன்பது தாள்:
நோபிள் பார்க், இரவு 8.41, தொட்டது.
டாண்டினாங், காலை 6.12, தொட்டது.
தொட்டது, தொட்டது, தொட்டது.
நீதவான் வாசிக்க வாசிக்க
அவள் காதோரம் நான் தமிழில் எண்ணினேன்.

மாசி இருபத்துமூன்று மட்டும் வெறுமை.
சிவபாதம் கதிரையில் முன்னுக்கு வந்தார்.
"அண்டைக்குப் பொடியனுக்குக் காய்ச்சல், போகேல்ல.
அந்த இரவுக்கு நான் காசு கேக்கவும் இல்ல,
தாளைத் திருப்பிப் பாருங்கோ."
திருப்பினார்கள்.
கேட்டிருக்கவில்லை.

பதினாறாயிரத்து நூற்றிருபது டாலர்,
இருபத்தெட்டு நாள் தவணை.
"தருவாரோ?" என்று கேட்டாள், என்னிடம்தான்.
அதற்கு என்னிடம் 'நான்' இல்லை.
கேள்வியை ஆங்கிலமாக்கி நீதவானிடம் நீட்டினேன்.
தராவிட்டால் இன்னொரு படிவம் உண்டு என்றார்.

மின்தூக்கியில் மூவரும்.
"நல்ல தமிழ் பிள்ளை, எந்த ஊர்?" என்கிறார் சிவபாதம்.
தங்கேஸ்வரி மாடி இலக்கங்களையே பார்த்தபடி.

நேரத்தாளில் ஐந்து மணித்தியாலம் என்று எழுதினேன்.
தை மாதக் காசையே
முகவர் நிறுவனம் இன்னும் போடவில்லை.
ஃபிளாக்ஸ்டாஃப் நிலையம், பிற்பகல் 3.26.
தொட்டது
நான்.