வலப்பக்கம் புகாரில்லை

யூகானை லிஃப்டில் தூக்கி நிறுத்தியாயிற்று.
ஷார்ஜா, சனாயா பத்து, மதியம் மூன்று மணி.
அதன் வயிற்றுக்குக் கீழே நின்றால்
எண்ணெய்ச் சட்டியிலிருந்து நெற்றிக்கு இறங்குகிறது வெக்கை.
எட்டு சிலிண்டர், இரண்டு புகைக்குழாய்,
குழாய்க்கு இரண்டாக நான்கு சென்சார்.

"நாளைக்கு பாஸிங், இருதயம் அண்ணா.
அந்த மஞ்ச லைட்டை மட்டும் அணச்சுத் தந்தா மதி"
என்கிறான் டிரைவர் ஷம்சீர்.
பாதித் தமிழ், பாதி மலையாளம், முழு அவசரம்.

சென்சார் ஒரு மூக்கு, அவ்வளவுதான்.
கட்டைவிரல் பருமன். சூடேறினால்தான் முகரும்.
நுனியில் கைபடக் கூடாது, கிரீஸ் படக் கூடாது.
முதல் மூக்குக்கு வாய் ஓயாது:
பெட்ரோல் கூட, குறைய, கூட, குறைய
என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.
அடுத்து கன்வர்ட்டர், தேன்கூடு மாதிரி ஒரு கல்,
வருகிற நஞ்சையெல்லாம் விழுங்கிச் செரிப்பது.
அதற்கும் அப்பால் இரண்டாவது மூக்கு.
பேசாமல் இருப்பதுதான் அதன் வேலை.
முன்னது சொல்வதையே பின்னதும் சொல்லத் தொடங்கினால்
நடுவில் இருப்பது செத்துவிட்டது.

புதுப் பையன்கள் உடனே சென்சாரை மாற்றுகிறார்கள்.
எழவு சொல்ல வந்தவனைப் புதைக்கிற மாதிரி.

என் மூக்கு போய் ஐந்து வருஷம்.
அந்தக் காய்ச்சல் வருஷம்,
மொட்டைமாடித் தகர அறையில் பதினேழு நாள்.
இறங்கி வந்தபோது பெட்ரோலும் தண்ணீரும் ஒன்று.
கராஜில் யாருக்கும் தெரியாது.
சந்தேகம் வந்தால் "குல் ஸமான், இங்கே வா" என்பேன்.
அவன் முகம் சுளிப்பதைப் பார்த்து எழுதிக்கொள்வேன்.

ஸ்கேனரைச் சொருகினேன்.
இடப்பக்கம், இரண்டாவது கோடு
முதல் கோட்டோடு சேர்ந்து துள்ளுகிறது.
வலப்பக்கம் புகாரில்லை.
காற்றில்லாத நாளில் குளத்துத் தண்ணீர்.
இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு
அத்தனை அமைதி ஏது?

கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தேன்.
வலப்பக்க சென்சார் குழாய்க்குள் இறங்கவில்லை,
இரண்டு விரற்கடை வெளியே நிற்கிறது.
அடியில் ஒரு இரும்புக் குப்பி, நடுவில் ஊசித்துளை.
புகை எட்டாத தூரத்துக்கு
மூக்கைத் தள்ளிவைக்கிற தந்திரம்.
விளிம்பில் மூன்று பஞ்ச் புள்ளி.

மூன்று புள்ளி வைக்கிறவன்
இந்தத் தெருவில் நான் ஒருவன்தான்.

எப்போது, யாருக்கு? நினைவில்லை.
நூறு திர்ஹம் வாங்கியிருப்பேன்.

தினமும் எட்டரைக்கு ஜெசிந்தா கூப்பிடுவாள்.
எப்படி இருக்கீங்க.
நல்லா இருக்கேன்.
போன வாரம் சட்டென்று கேட்டாள்:
"அதென்ன, எப்பவும் ஒரே குரல்ல சொல்றீங்க?"
சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கழற்ற வேண்டும்.
துரு எண்ணெய் அடித்து, கால் மணி பொறுத்து,
ஒயருக்குப் பிளவு விட்ட இருபத்திரண்டாம் சாக்கெட்டில்
கால் திருகு முன்னே, கால் திருகு பின்னே.
வெடுக்கென்று இழுத்தால் மரை போய்விடும்.
முனகிக்கொண்டே வந்தது.

சென்சாரை அதன் சொந்த ஓட்டையில் பூட்டி
வண்டியை உறுமவிட்டேன்.
வலப்பக்கக் கோடும் துள்ளியது, பேயாட்டம்.
குல் ஸமான் தலைத்துண்டால் மூக்கை மூடினான்:
அழுகின முட்டை.
எனக்கு ஒன்றுமில்லை.

"ஷம்சீர், இடப்பக்கக் கன்வர்ட்டர் செத்துப்போச்சு.
வலப்பக்கம் முன்னாடியே செத்தது, மறைச்சது நான்.
அர்பாபிடம் என் பெயரையே சொல்லு."
அவன் என்னையும் குப்பியையும் மாறிமாறிப் பார்த்தான்.
பிறகு போனை எடுத்துக்கொண்டு
சுவரோரம் இருந்த ஒரு முழ நிழலுக்குப் போனான்.

குப்பியைச் சட்டைப்பையில் போட்டேன்.
துணியைத் தாண்டிச் சுட்டது.
எட்டரைக்கு இன்னும் நாலு மணி நேரம்.