நகக்கண்

பிரேமன் நகரில், வேசர் ஆற்றங்கரையில்,
பழைய காப்பிக் கிடங்கொன்றின் மூன்றாம் மாடியில்
விண்வெளி வீரர்களின் புகழ் மண்டபம்.
வெண்கலத்தில் பதினாறு வலக்கைகள்.
கீழே பெயர், பறந்த தேதி, மேலே கழித்த நாட்கள்.
எங்கள் மொழியில் இதை நடுகல் என்போம் என்றேன்.
"செத்தவர்களுக்கா?" என்றார் இயக்குநர் ஃபிங்கே.
ஆமாம் என்றேன்.
கையேட்டில் அதைச் சேர்க்கவில்லை.

அச்செடுப்பது என் வேலை.
பல் வைத்தியர் வாயில் திணிக்கும் அதே இளஞ்சிவப்புப் பசை,
அதே புதினா வாசம்.
வாளியில் கரைத்ததும் நாலு நிமிடம்
கை அசையக் கூடாது.
தீயின் மேல் ஒன்பது நிமிடம்
கட்டுண்டு கிடந்தவர்களுக்கு
இந்த நாலு நிமிடம்தான் பொறுக்காது.
ஒருவர் மூக்கைச் சொறிந்துவிடச் சொன்னார்.
சொறிந்துவிட்டேன்.
அதுவும் வான்வெளித் தொண்டுதான்.

பதினேழாவது கை டோர்பென் ஹார்யஸ்.
நூற்றுத் தொண்ணூற்றாறு நாள்.
சதுரக் கை, ஐந்து நகமும் ஒழுங்கு.
அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு
ஒரு பெண்மணி நின்றிருந்தார்.
மனைவி என்று நினைத்தேன்.
"மாற்று வீரர்" என்றார் ஹார்யஸ்.
"எனக்குக் காய்ச்சல் வந்திருந்தால் இவர்தான் போயிருப்பார்."
"வரவில்லை" என்றார் அந்தப் பெண்,
பதினோரு வருடம்
ஒரு தும்மலுக்குக் காத்திருந்த குரலில்.
வீப்கே லூர்ஸ்.

ஹார்யஸைப் படமெடுக்க அழைத்துப் போனார்கள்.
துடைக்கத் துண்டை நீட்டி உதவிய அவர் கையில்
நடுவிரலிலும் மோதிரவிரலிலும்
நகம் இல்லை.
"விண்வெளியிலா?" என்று கேட்டுவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கொலோனில். பயிற்சிக் குளத்தில்.
பத்து மீட்டர் ஆழம்.
காற்றடைத்த கையுறைக்குள் விரலை மடக்கி
ஆறு மணி நேரம் ஒரே திருகாணியைத் திருகினேன்.
மேலே வந்து கழற்றினால்
நகம் உள்ளேயே தங்கிவிட்டது.
முளைக்கும். முளைத்தால் மறுபடி குளம்.
ஒரு கட்டத்தில் அதற்கே அலுத்துவிட்டது."

நகமும் சதையும் போல என்போம்
பிரியாதவர்களைப் பார்த்து.
அதை ஜெர்மனில் எப்படிச் சொல்வதென்று யோசித்து
சொல்லாமல் விட்டேன்.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதையையும்.
அதை அவருக்கு
யாரும் மொழிபெயர்த்துத் தர வேண்டியதில்லை.

பொட்டலத்தில் ஒரு கைக்கான பொடி மிச்சம் இருந்தது.
"கையை விடுங்கள்" என்றேன்.
நூறு கிலோமீட்டருக்கு மேல் போனவர்கள் மட்டும்
என்று விதியை நினைவூட்டினார்.
"இது வாளி" என்றேன்.
"இதற்கு உயரம் தெரியாது."

நாலு நிமிடம்.
மூக்கு அரிக்கவில்லை. தோள் தளரவில்லை.
ஜன்னலுக்கு வெளியே ஒரு சரக்குப் படகு
முனையிலிருந்து வால்வரை கடந்து போனது.
பசை இறுகி விரல்களைக் கவ்வியபோது
"இந்தப் பிடி எனக்குத் தெரியும்" என்றார்.
கையை உருவினால்
சேற்றிலிருந்து செருப்பைப் பிடுங்கும் சத்தம்.
இருவரும் சிரித்துவிட்டோம்.
கோட்டை மறுபடி எடுத்துக்கொண்டார்.

மார்ச்சில் வார்ப்பாலையிலிருந்து தொலைபேசி:
"இரண்டாவது கையில் இரண்டு விரல் பழுது.
நிரப்பிவிடவா?"
நிரப்பினால் காசு தரமாட்டேன் என்றேன்.
காசு என்னுடையது. மூன்று தவணை.

திறப்பு விழாவில் அமைச்சர் பேசினார்.
பதினேழு கைகளும் கண்ணாடிக்குள்;
தொடக் கூடாது என்று மூன்று மொழிகளில் பலகை.
தொடாத வெண்கலம் கறுக்கும்.
இப்போதே கறுக்கத் தொடங்கிவிட்டது.

பதினெட்டாவதை என் பட்டறைக் கதவில் முடுக்கியிருக்கிறேன்.
காலையில் சாவியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு
குலுக்கித் திறக்கிறேன்.
தபால்காரர் குலுக்குகிறார்,
மின்சாரம் பார்க்க வந்த பையன் குலுக்குகிறான்.
நகரச் சதுக்கத்துக் கழுதைச் சிலையின் முன்கால்கள் போல
அந்த இரண்டு நகக்கண்களும்
பொன்னாய்த் தேய்ந்து வருகின்றன.

"யாருடையது?" என்று போன வாரம் கேட்டார் ஃபிங்கே,
விடாமல் பிடித்துக்கொண்டே.

கைப்பிடி என்றேன்.