பேரினம்

முதலில் அளவை எழுத வேண்டும்:
உடல் நீளம் ஒன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
இதைத்தான் பேரினம் என்கிறோம்.

கண்கள் ஆறு.
எட்டு இருக்க வேண்டுமே என்று மறுபடி எண்ணினேன்.
ஆறுதான்.
வயிற்றுக்கு மேலே செம்மஞ்சள் தகடு, கீழே இன்னொரு தகடு,
இடையில் வெளுத்த தோல்:
தின்றால் விரியும், பட்டினி என்றால் மடியும்.
வலை கட்டாது.
சருகுக்கடியில் நடந்து நடந்து
தன்னைவிடச் சிறியதைப் பிடித்துத் தின்னும்.
தன்னைவிடச் சிறியதும் இருக்கிறது.

பிடித்தவர்: நெ. தாப்புயோ.
கட்டுரையில் அவருக்கு அவ்வளவுதான் இடம்.
கயாப்பாஸ் ஆற்றில் படகு ஓட்டுகிறவர்.
அத்திமரத்தடிச் சருகை அள்ளிச் சல்லடையில் போட்டு
வெள்ளைத் துணிமேல் சலித்துவிட்டுக் குந்தியிருப்பார்,
ஒரு கன்னத்தில் வேகவைத்த வாழைக்காய்.
"நடந்தால் சிலந்தி. நடக்காவிட்டால் மண்.
அவசரப்பட்டால் எல்லாமே மண்."
வாழைக்காயை விழுங்கிவிட்டு
உறிஞ்சுகுழாயை வாயில் வைத்து ஓர் இழுப்பு.
அந்த இழுப்பில் வந்ததுதான் இந்த ஆண்.
ஒரே ஆண்.

சாச்சி மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.
"கீட்டோவில் ஈரின் தம்பிக்கு என்ன பெயர்?" என்றார்.
பிறகு பெட்ரோல் காசு பாக்கியிருப்பதை நினைவூட்டினார்.

ஆணின் முகத்தருகே குட்டிக் கைகள் இரண்டு.
இடக்கை நுனியின் வளைவில் இருக்கிறது
இது யார், யாருடைய உறவு, யாருக்கும் உறவில்லையா
என்பதற்கான சாட்சி.
அதைக் கழற்றித் தங்கமுலாம் பூசினால்தான்
எலக்ட்ரான் நுண்ணோக்கி பார்க்கும்.
கழற்றினேன்.
இடுக்கியில் இருந்தது.
இடுக்கியில் இல்லை.

மலைநகரத்துக் காய்ந்த காற்று, ஸ்வெட்டரில் மின்சாரம்.
மூன்று மணி நேரம் தரையில் தவழ்ந்தேன்,
மூச்சை மூக்குக்குள்ளேயே வைத்துக்கொண்டு.
துப்புரவுக்கு வந்த சோய்லா வாசலிலேயே நின்று
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
எதைத் தொலைத்தாய் என்றாள்.
ஒரு கை என்றேன்.
அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்,
பிறகு என் முழங்கையைப் பார்த்தாள்.
கம்பளியில் ஒரு தூசி.
ஒரு பேரினத்தின் முழு ஆதாரமும்
பத்து டாலர் ஸ்வெட்டரில் ஒட்டிக்கொண்டிருந்தது.
அவளுக்கு நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை.

கைப்பிரதியைச் சரிபார்த்தவர் ப்ராகிலிருந்து கேட்டார்:
பெயர் எந்தப் பால்?
லத்தீனில் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்,
'அது' என்று விட்டுவிடலாம்தான், பெயரின் ஈறு இடம் தரவில்லை.
பெண்பால் என்று எழுதினேன்.
பெண்ணை நாங்கள் இன்னும் பார்த்ததே இல்லை.
பெண்: தெரியாது, என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது.

அதைத் தேடித்தான் மார்ச்சில் திரும்பப் போனேன்.
நெஸ்தோர் என்ஜினை அணைத்தார்.
நான் கையிலிருந்த கருவியை இரண்டு முறை தட்டினேன்.
எண்கள் சரி. இதே வளைவு, இதே பாறை.
அத்திமரம் நின்ற இடத்தில் எண்ணெய்ப்பனைக் கன்றுகள்,
ஒன்பது மீட்டருக்கு ஒன்று,
குமாஸ்தா கோடு போட்ட மாதிரி.
காய்ந்து வெள்ளையான களைக்கொல்லி டப்பா.
நெஸ்தோரின் அண்ணன் மகன் இங்கேதான் கூலிக்குப் போகிறானாம்.
அதைச் சொல்லும்போது அவர் குரலில் எதுவும் மாறவில்லை.

கன்றுகளுக்கு நடுவே, ஏதோ ஒரு மரத்தின் மிச்சம்,
உளுத்துப்போன அடிக்கட்டை.
அதன் இடுக்கில் இரண்டு பிடி சருகு.
துணியை விரித்தார்.
சலித்தார்.
குந்தினோம்.

எறும்பு.
எறும்பு.
மண்.
வெயில் துணிமேல் ஏறி என் கண்ணைக் கூசியது.
மண்.
மண்.
ஓரத்தில் ஒரு மண் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது,
காற்றாகவும் இருக்கலாம்.

நெஸ்தோர் குழாயை வாயில் வைத்தார்.
இன்னும் இழுக்கவில்லை.