எந்தக் கம்பெனிங்க

உடுமலையில் மச்சினன் மகள் கல்யாணம்.
சோற்றில் குழி பறித்து ரசத்துக்குக் காத்திருந்தேன்.
பக்கத்து இலையிலிருந்து பாலதண்டபாணி கேட்டார்:
"ஏனுங், தோட்டத்துல ரயில் உடறீங்களாமா?
அதுல எந்தக் கம்பெனிங்க உங்களுக்கு ரொம்பப் புடிச்சது?"

காற்றாலைக் கம்பங்களில் ஏறி இறங்குவது என் பிழைப்பு.
எண்பது மீட்டர் உயரத்தில் நின்று
எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று
சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.
இதற்கு வாய் வரவில்லை.
ரசம் குழியை உடைத்துக்கொண்டு ஓடியது.

முதலில் வந்தவன் ஜெர்மன்காரன்.
வெயிலில் போடு, மழையில் போடு, முனகமாட்டான்.
பித்தளைத் தண்டவாளம் கையைச் சுடும் சித்திரையிலும்
முருங்கையைச் சுற்றி, மோட்டார் ரூமைச் சுற்றி
நேரம் தவறாமல் வந்து நின்றான்.
ஒரு கியர் தேய்ந்தது. விலை கேட்டேன்.
அந்தக் காசுக்கு அந்தியூர்ச் சந்தையில்
பல் போடாத கன்று ஒன்றைப் பிடித்து வரலாம்.

அமெரிக்காக்காரன் கனம்.
தூக்கினால் இடுப்பு பேசும்.
திரும்புவதற்கு அரை ஏக்கர் கேட்டான்,
கொடுக்காததால் சுவரில் மூக்கை இடித்து நின்றான்.
அவனுக்காகக் கறிவேப்பிலை மரத்தை வெட்டப் போனேன்.
கோகிலவாணி அரிவாளை வாங்கி
உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள்.

சீனாக்காரன் மூன்று வாங்கினேன், ஓடுவது ஒன்று.
அந்த ஒன்று நிற்பதே இல்லை.

இங்கிலாந்துக்காரனுக்கு நிஜமான நெருப்பு வேண்டும், நிஜமான நீர்.
எண்ணூறு அடி போர்த் தண்ணீரை ஊற்றினால்
ஒரே மாதத்தில் வயிற்றில் சுண்ணாம்பு கட்டிவிடும்.
கோவையில் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள்
மைசூர்பாகு வாங்கி வருவார்கள்.
நான் இரண்டு கேன் சிறுவாணி.
ஒரு டம்ளர் குடித்துவிட்டு இருபது நிமிஷம் ஓடுவான்.
ஆவியும் எண்ணெயும் கலந்த வாசம் மட்டும்
சாயங்காலம் வரை சட்டையில் இருக்கும்.

இவன் கொக்கி அவன் கொக்கியோடு சேராது.
ஒரே வீட்டில் பெண் எடுத்த மருமகன்கள் மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள்.
வேலையிடத்துக் கட்டுக்கம்பியால்
நான்தான் முடிச்சுப் போடுவேன்.

ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வாய் திறக்கும்.
எனக்குச் சோறு போடும் காற்று அது.
போன ஆடியில் அதே காற்று
ஒரு தென்னை மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து
தண்டவாளத்தில் இருந்த அத்தனை பேரையும் கவிழ்த்தது.
ஜெர்மன்காரன் மேல் ஏறி ஒரு மயில் கொத்திக்கொண்டிருந்தது.
அதை விரட்டக்கூட இல்லை.
விலையைத் தாண்டி, கனத்தைத் தாண்டி
என் கால் ஓடியது இங்கிலாந்துக்காரனிடம்.
கொதிகலன் ஆறவில்லை.
உள்ளங்கை கொப்புளித்தது.

அதைச் சொல்லியிருக்கலாம்.

"சொல்லுங் மாப்ள" என்றார் பாலதண்டபாணி
மோருக்குக் கையை ஏந்தியபடி.
பிறகு குரலை இறக்கி,
"நானும் ஒண்ணு வாங்கலாம்னு. ஊட்டுல சொல்லல."

எதிர் வரிசையில் கோகிலவாணி நிமிர்ந்தாள்.
கணக்கு நோட்டு அவள் கையில்.

"பெட்டி மேல வெல ஒட்டாம அனுப்பறவன் எவனோ
அவந்தானுங்க எனக்குப் புடிச்சவன்."

அவர் புரையேறச் சிரித்து இலையை மடித்தார்.

கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னாள்:
"மோட்டார் ரிப்பேர், மோட்டார் ரிப்பேர்னு
நாலு வருசமா எழுதிட்டு இருக்கறேன்.
நம்மகிட்ட இருக்கறது ஒரே மோட்டார்."

நான் சோப்பைத் தேடினேன்.
அவளே எடுத்து என் உள்ளங்கைத் தழும்பில் தேய்த்தபடி,
"அந்தத் தண்ணி குடிக்கறவனுக்கு
கேன் தீந்து போச்சு.
ஞாயித்துக்கெழம உங்க தங்கச்சி ஊட்டுக்குப் போலாமுங்."